சருகுதான் அசைந்தது

கண்ணா,

இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடுத்து, நாளைக் காலை முதல் பஸ்ஸில் சித்தூருக்கு அனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவளாவது உட்காருவதாவது, நடுவில் எழுந்துபோய் உன் சமையல்கட்டைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். நீ நிறுத்தாமல் படி. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நாம் பேசும் அழகு நமக்குத் தெரியாதா? "சாப்ட்டியா நைனா?" என்பாய். "ஆச்சு" என்பேன். "மழை இருக்குதா?" என்பாய். "இல்ல" என்பேன். அதற்குள் எனக்கு வேர்த்துவிடும், போனை உன் அம்மாவிடம் நீட்டிவிடுவேன். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பதியில் நீ மேடை ஏறி என்னைப் பற்றிப் பேசப்போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

கோல்ஃப் சங்கத்துக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். போன மாதம் ஒரு வெள்ளைக் காரில் மூன்று பேர் பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். நான் வழக்கம்போலப் பின்வாசல் வழியாகத் தோப்புக்குள் போய்விட்டேன். உன் அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தோப்பில் வந்து என்னைப் பிடித்தாள். "இன்னாய்யா, பெரிய மனுஷங்க வந்து குந்திக்கினு கீறாங்க, நீ இங்க மாமரத்தப் பாத்துக்கினு நிக்கிற? நட உள்ள!" என்றாள். போனேன். செயலாளர் என் தோளில் சால்வையைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். இனி வருஷாவருஷம், நேர்மையாக ஆடும் ஒரு ஆட்டக்காரனுக்கு என் பெயரில் கோப்பை கொடுக்கப்போகிறார்களாம். "பெத்த மகன் கார்டுலயே கையெழுத்து போட மாட்டேன்னு சொன்ன மனுஷன் வேற எவன் சார் இருக்கான்? கோல்ஃப் ஆடுறவன் ஒவ்வொருத்தனும் அந்தக் கதைய தெரிஞ்சுக்கணும்," என்றார். முதல் கோப்பையை நீயே கொடுத்து, நீயே நாலு வார்த்தை பேசினால் இன்னும் சிறப்பாக இருக்கும் என்றார். என்னைப் பார்த்து, "மீரு மாட்லாடக்கர்லேது சார், நீங்க பேசவே வேணாம், சும்மா உக்காந்தா போதும்," என்று சிரித்தார்.

நீ மாட்டேன் என்று சொல்வாய் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன், மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் உன் அம்மா வந்து, "புள்ள ஒத்துக்கினான்," என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதி என் சட்டைப்பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவதற்கு முன்னால் நான் எழுந்து இதை மைக்கில் வாசிக்கப்போகிறேன். புத்தூரிலிருந்து உன் மாமன்கள் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை கோல்ஃப் என்பது வேலைவெட்டி இல்லாதவன் வெயிலில் பந்தைத் தேடுவது. அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் இதில் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்.

என்னைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவது ஒரே கதைதான். கார்வேட்டிநகரத்துப் பக்கத்து விவசாயி மகன், இருபது வயதில் சென்னைக்குப் போய் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தான், லீவுக்கு வரும்போதெல்லாம் மாந்தோப்பில் கிளைகளுக்கு அடியில் பந்தை அடித்து அடித்து, காற்றுக்கும் அசையாத தாழ்ந்த அடி ஒன்றைக் கற்றுக்கொண்டான், ஊர் ஊராகப் போய் ஜெயித்தான், ஒருநாளும் பேட்டி கொடுத்ததில்லை. கடைசி வரியைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அடக்கம், துறவி, தவம் என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தத் துறவிக்குத்தான் நகரியில் உன் சின்ன மாமன் கல்யாணத்தில் நாலு பேர் போட்டோ எடுக்க வந்ததும் சீர்த்தட்டோடு நின்ற பெண்டாட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பஸ் ஏறத் தெரிந்தது. உன் அம்மா தனியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு மணவறைக்குப் போனாள். அதற்கு நான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினேன். நீ பத்தாவது படிக்கும்போது, "நம்ம வீட்டுக்கு ஏன் நைனா யாருமே வர்றதில்ல?" என்று கேட்டாய். அதற்கும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் பேசாமல் இருந்தது அடக்கத்தால் அல்ல, பயத்தால்.

நீ பிறப்பதற்கு முன்னால், பெங்களூரில் நான் ஜெயித்த முதல் பெரிய போட்டி. அந்தக் கோப்பைதான் நம் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக இருந்தது. கடைசி நாள், பதினைந்தாவது குழி. பந்து நீளப்புல்லில், ஒரு மரத்தடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சுள்ளி. சுள்ளியை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது கணக்கில் ஓர் அடி கூடுதலாகத் தண்டனை, பந்தையும் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். வைக்காமல் அடித்தால் தண்டனை இரண்டு. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவன்தான் ஜெயிப்பான். நான் சுள்ளியை எடுத்தேன். பந்து நகர்ந்தது. ஒரு புளியங்கொட்டை அகலம் இருக்கும், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். கூட ஆடியவர்கள் எதிர்ப்பக்கம் தங்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி தூரத்தில் இருந்தார். நான் பந்தைத் திருப்பி வைக்கவில்லை, அடித்தேன். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் அந்தப் போட்டியை ஜெயித்தேன்.

மாலை போட்டவர்களைத் தாண்டி ஒரு நிருபர் வந்தார். "பதினஞ்சாவதுல மரத்தடியில ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னீங்களே, என்ன நெனச்சீங்க சார்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டிருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தக் கதைதான் எனக்கு. வாயைத் திறக்காமல் அவரைத் தாண்டி நடந்தேன். மறுநாள் பேப்பரில், வெற்றி தலைக்கேறாத மனிதர் என்று வந்தது. அடுத்த போட்டியிலும் பேசவில்லை, அதற்கடுத்ததிலும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எவனாவது அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டுவிடுவான் என்ற பயம். பிறகு ஜெயித்ததெல்லாம் நேர்மையாக ஜெயித்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் படி உளுத்திருக்கிறது என்று தெரிந்தே அதன்மேல் ஏறி நின்றவன் நான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் நடந்த போட்டி. எனக்கு ஆடும் வயது தாண்டிவிட்டது, மரியாதைக்காகக் கூப்பிட்டார்கள். அப்பனும் மகனும் சேர்ந்து ஆடினால் போட்டோ நன்றாக வரும் என்று கடைசி நாள் நம்மை ஒரே குழுவில் போட்டார்கள். கோல்ஃபில் ஒருவனுடைய ஸ்கோரைக் கூட ஆடுபவன்தான் கார்டில் குறிக்க வேண்டும். அவனுக்கு மார்க்கர் என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் ஆடியவனும் மார்க்கரும் கையெழுத்துப் போட்டால்தான் கார்டு செல்லும். உன் மார்க்கர் நான். நீ அன்று ஆடிய ஆட்டத்தைப் பற்றி உன்னிடம் நான் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். என் நல்ல காலத்தில்கூட நான் அப்படி ஆடியதில்லை. அந்த ஸ்கோர் நின்றிருந்தால் அடுத்த வருஷம் முழுக்கப் பெரிய போட்டி எல்லாவற்றிலும் ஆடும் உரிமை உனக்குக் கிடைத்திருக்கும்.

பதினாலாவது குழியில் உன் பந்து நீளப்புல்லுக்குள் போனது. பக்கத்தில் ஒரு காய்ந்த இலை. நீ குனிந்து அதை எடுத்தாய். நான் பதினைந்து அடி தள்ளி நின்றிருந்தேன், வெயில் கண்ணுக்கு நேரே. ஊர் வேறு, மரம் வேறு, ஆனால் குனிந்த அந்த முதுகு என் முதுகுதான். என்ன பார்த்தேன் என்று கேள். சருகு அசைந்ததைப் பார்த்தேன். பந்து அசைந்ததைப் பார்க்கவில்லை. அதனால்தான் அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப்பின் நாலு குழி நடக்க வேண்டியிருந்ததே. நடக்க நடக்க என் மனதுக்குள் சருகு பந்தாகிவிட்டது. என் மகன் அல்லவா, என்னைப் போலத்தானே செய்திருப்பான் என்று ஒரு எண்ணம். அவனையாவது தப்பவிடக்கூடாது என்று இன்னொரு எண்ணம். எனக்கு விழ வேண்டிய அடியை உன் முதுகில் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதைக்கூட நேர்மை என்றே நம்பினேன், அதுதான் வெட்கக்கேடு.

கார்டில் கையெழுத்துப் போடும் அறையில் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "பதினாலுல பந்து அசைஞ்சுது," என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இல்ல நைனா, அசையல நைனா," என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். ரெஃப்ரி என்னைக் கேட்டார், "சார், நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று. வாழ்நாள் முழுக்கப் பேசாதவன் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தேன். "பாத்தேன்," என்றேன். என் பேச்சுக்கு மேல் யார் பேசுவார்கள்? நீ பந்தைத் திருப்பி வைக்காமல் அடித்ததால் உனக்கு இரண்டு ஸ்ட்ரோக் சேர்த்தார்கள். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் உன் உரிமை போனது. பார்த்தது நிஜமாகவே இருந்திருந்தாலும் அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பந்தைத் திருப்பி வைத்து ஒரு ஸ்ட்ரோக்கோடு போயிருப்பாய், உள்ளேயும் வந்திருப்பாய். பேச வேண்டிய இடத்தில் ஊமையாக நின்று, பேசக்கூடாத இடத்தில் பேசினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. நான் தெய்வமானேன், நீ பந்தை நகர்த்தினவன் ஆனாய். உன் கோல்ஃப் பையைப் பரணில் ஏற்றிவிட்டு, பங்காருபாளையத்துப் பழக்கூழ் ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, சித்தூரில் அறை எடுத்துப் போய்விட்டாய். போன வருஷம் உனக்குப் பெண் பார்த்த இடத்தில், "அந்தப் பையன் ஆட்டத்துல ஏதோ ஏமாத்துனவனாமே," என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். உன் அம்மா அன்றைக்கு அழுதது போல அவள் நைனா செத்தபோதுகூட அழவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஊரில் சொல்வார்கள். நம் வீட்டில் அது தலைகீழ். அவள் அழுததைப் பார்த்தும் நான் எழுந்து தோப்புக்குள்தான் போனேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமை சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பேன். அந்த அளவுக்கு மரத்துப்போனவன்தான். முந்தாநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா, "புள்ள பேசறதுக்கு நீ ஏன்யா துன்னாம கெடக்கிற?" என்றாள். "ஒண்ணுமில்ல, பசிக்கல," என்றேன். அவள் என் இடது கையைப் பார்த்தாள். என் கட்டைவிரல் கதை உனக்கும் தெரியும். நீ வீட்டில் இருந்த காலத்தில், டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து, "லட்டு துன்னல" என்று நான் சொன்னால் நீ, "கட்டைவிரல் எங்க நைனா?" என்று கேட்பாய். பொய் சொன்னால் அது தானாக மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. சென்னைல இருந்து வந்த அன்னிக்கு புள்ள பரண்ல பைய ஏத்திக்கினு இருந்தான். ஏன்டா, நைனா சொன்னது நெசமாடான்னு கேட்டேன். இல்லம்மா, பந்து அசையல, நைனா கட்டைவெரல மடக்கிக்கினு தான் சொல்லிச்சுன்னான். அப்ப ஏன்டா சும்மா வந்தேன்னு கேட்டேன். நைனாவுக்குள்ள ஏதோ ஒண்ணு கீதும்மா, நான் அங்க இழுத்தா அது எல்லார் முன்னாடியும் ஒடஞ்சிடும், விட்டுடுன்னான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலைல கை வச்சி சத்தியம் வாங்கிக்கினான். ஆறு வருஷம் வச்சிக்கினு இருந்தேன்யா. இனிமே என்னால முடியாது."

கண்ணா, நான் இதைக் கேட்டுவிட்டு எங்கேயும் எழுந்து போகவில்லை. தோப்புக்கும் போகவில்லை. அங்கேயே, சாப்பிடாத தட்டோடு உட்கார்ந்திருந்தேன். நீ அந்த அறையில் என் கண்ணைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொய் உனக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்தே உன் ஆட்டத்தை எனக்காகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். இப்போது மேடையில் ஏறி என் நேர்மையைப் புகழவும் ஒத்துக்கொண்டிருக்கிறாய். முப்பது வயதில் நீ எனக்கு அப்பனாக இருந்திருக்கிறாய், நான் உன்னிடம் மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உன்மேல் கோபமும் வருகிறது. ஏன்டா கத்தவில்லை? அந்த மேஜையைக் கவிழ்த்திருக்கக் கூடாதா? நாலு பேர் எதிரில், "பொய் சொல்ற நைனா" என்று நீ சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உடைந்து, அன்றைக்கே மனுஷனாகியிருப்பேன். பெரியவனைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. அதை இத்தோடு விட்டுவிடு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளிடம் எல்லாவற்றையும் பேசு. சண்டை போட்டாவது பேசு. பேசாதவன் பெரியவன் என்று ஊர் சொல்லும், வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் அவன் லட்சணம் தெரியும்.

செயலாளருக்கு நேற்றே போன் போட்டேன். என் பெயரில் கோப்பை வேண்டாம் என்றேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது சார் என்றார். அப்படியானால் மேடையில் எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும் என்றேன். அந்த மனுஷர், நான் பேசப்போகிறேன் என்றதும் சந்தோஷத்தில், "அரே, மஹாபாக்யம் சார்!" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பெங்களூர்க் கோப்பையைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன், அதுவும் வேனில் வருகிறது. நான் வாசித்து முடித்ததும் அவர்கள் என்னை என்ன செய்வார்களோ தெரியாது. உன் மாமன்கள் என்ன சொல்வார்கள் என்பது நன்றாகவே தெரியும். எழுத்து கோணுகிறது பார். இந்த வயதில் ஒரு மைக்கைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறேன். இருந்தாலும் வாசிப்பேன். நீ மாத்திரை போல எதையும் விழுங்கிக்கொண்டு எனக்காக அந்த மேடையில் நிற்க வேண்டாம். வர இஷ்டமில்லை என்றால் வராதே. நீ வராவிட்டாலும் நான் வாசிப்பேன்.

கடிதத்தோடு இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். பழைய கார்டுகள் எங்கே இருக்கின்றனவோ, இவை வெற்றுக் கார்டில் நானே எழுதியவை. ஒன்று என்னுடையது, பெங்களூரில் ஆடியது. பதினைந்தாவது குழியில் அன்று நாலு என்று போட்டதை ஆறாக்கி, ஆடியவன் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மார்க்கர் இடம் காலியாக இருக்கிறது. நீ அப்போது பிறக்கவே இல்லை, பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னைச் சரியாகப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான், அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று உன்னுடையது, சென்னையில் நீ ஆடியது. பதினெட்டுக் குழியையும் ஒன்றைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன், யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாவதில் நீ மணலிலிருந்து எடுத்துக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்ததும், ஒன்பதாவதில் காற்றுக்கு அடியில் என் அடியையே அடித்துக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்ததும், நான் வேண்டுமென்றே என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எல்லாம் அப்படியே நினைவில் இருக்கின்றன. பதினாலாவது குழிக்கு நேரே, நீ எடுத்த நாலை நாலு என்றே எழுதி, மார்க்கர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடும்போது உன் அம்மாவைக் கூப்பிட்டு என் இடது கையைப் பார்க்கச் சொன்னேன். விரல் ஐந்தும் விரிந்துதான் இருந்தன என்று அவள் உன்னிடம் சொல்வாள்.